அப்பா ஏன் வானிலையை மட்டும் எழுதினார்? மிட்வெஸ்ட் குடும்ப டைரிகளை வாசிக்க ஓர் அறிமுகம்

அப்பா காலமான பிறகு வீட்டை ஒழிக்கிறார்கள். பரணில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே பத்துப் பன்னிரண்டு டைரிகள், 1940-களில் தொடங்கி 1960-கள் வரை நாள் தவறாமல் எழுதியவை. அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பகுதியில் எத்தனையோ குடும்பங்களுக்கு இப்படி ஒரு பெட்டி கிடைத்திருக்கிறது. அதிகம் பேசாத அப்பாவின் மனதில் என்ன இருந்தது என்று இப்போதாவது தெரியுமே என்ற ஆவலோடு பிள்ளைகள் திறக்கிறார்கள். கண்ணில் படுவது இந்த மாதிரி வரிகள்:

“பூஜ்யத்துக்குக் கீழே 8. வடமேற்குக் காற்று. காலையில் எரு அள்ளினேன். டின்னருக்குப் பிறகு டவுனுக்குப் போய் முட்டை 11 டஜன் கொடுத்தேன். விருந்தாளிகள் வந்தார்கள்.”

மறுநாளும் இதே கதை. அதற்கு மறுநாளும்.

(ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் வரும் டைரி வரிகள் எல்லாம் விளக்குவதற்காக நானே எழுதியவை. எந்தக் குடும்பத்தின் டைரியிலிருந்தும் எடுக்கவில்லை. நடையும் விஷயங்களும் அந்தக் காலத்தவை.)

இந்த டைரிகளைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. “வெறும் வானிலையும் மாட்டுக் கணக்கும்தான், அந்தத் தலைமுறை அப்பாக்களுக்கு மனசே கிடையாது” என்பது ஒன்று. “எவ்வளவு எளிமையான வாழ்க்கை, 1950-கள் ஒரு பொற்காலம்” என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே தவறிலிருந்து வருகின்றன. முதலாவது, டைரியைக் கடிதம் போலப் படிக்கிறது. இரண்டாவது, அதைப் புகைப்பட ஆல்பம் போலப் பார்க்கிறது. அந்த அப்பா எழுதியது இரண்டும் இல்லை. அது என்ன, அதை எப்படிப் படித்தால் பேசும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

## பால் கணக்கிலிருந்து தொடங்கலாம்

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். “பால் 1 லி.”, “சிலிண்டர் வந்தது”, “கரண்ட் பில் கட்டியாச்சு” என்று அம்மா கட்டங்களில் எழுதியிருப்பார். அதைப் பார்த்து, “அம்மாவுக்கு எங்கள் மேல் பாசமே இல்லை, எங்களைப் பற்றி ஒரு வரி கிடையாது” என்று யாரும் சொல்ல மாட்டோம். அது பாசம் எழுதும் இடம் இல்லை என்று நமக்குத் தெரியும்.

ஆனால் அதே காலண்டரில் ஒரு ஜூன் மாதம் முழுக்க பால் இரண்டு லிட்டராக ஏறியிருந்தால், மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள் என்று புரிந்துகொள்வோம். மூன்று வாரம் கட்டங்கள் காலியாக இருந்தால், வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று மனசு சொல்லும். காலண்டர் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. வழக்கமாக இருந்தது மாறியது, அந்த மாற்றம் பேசியது.

மிட்வெஸ்ட் அப்பாக்களின் டைரியும் இப்படித்தான் வேலை செய்கிறது. வரலாற்றாசிரியர்கள் இதை முதன்மைச் சான்று என்பார்கள். ஒரு காலத்தில் வாழ்ந்தவர் அந்தக் காலத்திலேயே விட்டுச்சென்ற பதிவு என்று பொருள். பின்னாளில் நினைவிலிருந்து எழுதும் சுயசரிதைக்கு இந்தத் தகுதி கொஞ்சம் குறைவு. சுயசரிதை எழுதுகிறவருக்குக் கதையின் முடிவு தெரியும். டைரிக்காரருக்கு நாளைக்கு மழை வருமா என்பதுகூடத் தெரியாது.

## எந்த ஊர், எந்தக் காலம்

மிட்வெஸ்ட் என்பது அமெரிக்காவின் நடுவில், வடக்குப் பக்கமாக இருக்கும் பன்னிரண்டு மாநிலங்கள்: ஒஹாயோ, இந்தியானா, இல்லினாய், மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா, ஐயோவா, மிசௌரி, வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, நெப்ராஸ்கா, கான்சஸ். மக்காச்சோளம், ஓட்ஸ், பன்றி, பால் பண்ணை என்று ஒரு பக்கம். சிகாகோ, டெட்ராய்ட் போன்ற தொழில் நகரங்கள் இன்னொரு பக்கம். டைரி எழுதிய அப்பாக்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். நான் இங்கே பண்ணை வீட்டையே அதிகம் எடுத்துக்கொள்கிறேன், தவறான வாசிப்பு அங்கேதான் கூடுதல். டவுனில் இருந்த அப்பா மாட்டுக்குப் பதிலாகக் காரின் மைல் கணக்கு, ஆயில் மாற்றிய தேதி, அடுப்புக் கரி வந்த தேதி ஆகியவற்றை எழுதினார். குளிர் தொடங்குமுன் ஜன்னலுக்கு வெளியே இரண்டாவது கண்ணாடிச் சட்டம் மாட்டுவார்கள். அதை மாட்டிய நாளும் வருடா வருடம் இருக்கும். முறை ஒன்றுதான்.

காலம் சுமாராக 1940 முதல் 1960 வரை. இந்த இருபது வருடத்தில் ஒரு பண்ணை வீட்டில் நடந்த மாற்றம் சாதாரணமானது அல்ல. 1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. 1935-இல் கிராம மின்மயமாக்க நிர்வாகம் என்ற அரசு அமைப்பு வந்தது. 1950-களின் தொடக்கத்தில் பத்தில் ஒன்பது வீட்டுக்கு மின்சாரம் வந்துவிட்டது. டிராக்டர்களின் எண்ணிக்கை பண்ணைக் குதிரைகள், கோவேறு கழுதைகளின் எண்ணிக்கையைத் தாண்டியது 1950-களின் நடுவில்தான். டைரியில் இதெல்லாம் எப்படி வரும்? “இன்று லைட் வந்தது.” “பழுப்புக் குதிரையை விற்றேன்.” அவ்வளவுதான். பெயர் சொல்லி அழைத்த குதிரைக்கு அதுதான் கடைசி வரி.

## ஐந்து வருடம், ஒரே பக்கம்

டைரி எந்த வடிவில் இருந்தது என்பதைக் கவனிக்காமல் படிப்பதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

அந்தக் காலத்தில் ஐந்தாண்டு டைரி என்று ஒன்று பரவலாக விற்றது. கைக்கடக்கமான புத்தகம். ஒரு பக்கத்துக்கு ஒரு தேதி. பக்கத்தின் மேலே “ஏப்ரல் 12” என்று இருக்கும், வருடம் இருக்காது. கீழே ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றிலும் நாலைந்து வரிக்குத்தான் இடம். முதல் வருடம் முதல் கட்டத்தில் எழுதுவார். அடுத்த வருடம் அதே தேதி வரும்போது இரண்டாவது கட்டம். அப்படியே ஐந்து வருடம்.

இதைக் கையில் பிடித்து எழுதிப் பார்ப்பதாக நினைத்துப் பாருங்கள். நாலு வரிக்கு மேல் இடம் இல்லை. பென்சில் நுனியைக் கூராக்கி, எழுத்தைச் சுருக்கி எழுத வேண்டும். எழுதும்போதே கண் மேலே போகிறது. போன வருடம் இதே நாள் என்ன செய்தோம்? அதற்கு முந்திய வருடம் ஓட்ஸ் விதைத்து முடித்துவிட்டோமே, இந்த வருடம் இன்னும் நிலம் காயவில்லையே?

அந்த அப்பா தன் மனசைக் கொட்ட எழுதவில்லை. அடுத்த வருடம் தானே திரும்பிப் பார்ப்பதற்காக எழுதினார். கடைசி உறைபனி என்றைக்கு விழுந்தது, மக்காச்சோளம் என்றைக்கு ஊன்றினோம், எந்தப் பசு என்றைக்கு ஈன்றது என்பதெல்லாம் மறுவருடம் பணமாகும் தகவல்கள். வானிலை முதலில் வருவது அதனால்தான். பேச ஒன்றும் இல்லாமல் அவர் வானிலையை எழுதவில்லை. பத்து நாள் முந்தி ஊன்றினால் உறைபனியில் பயிர் போகும், பத்து நாள் பிந்தினால் விளைச்சல் குறையும் என்ற கவலையை எழுதினார்.

எல்லாரும் ஐந்தாண்டு டைரி வாங்கவில்லை. விதைக் கம்பெனியும் வங்கியும் இலவசமாகக் கொடுத்த சட்டைப்பைக் கணக்குப் புத்தகங்களில் எழுதியவர்களும் உண்டு. 1942-க்குப் பிறகு வருமான வரி மிகப் பெரிய கூட்டத்தின் மேல் விழுந்தது. அதனால் செலவுக் கணக்கு எழுதிவைக்கும் தேவையும் கூடியது. டைரியில் எண்கள் நிறைந்திருக்க அதுவும் ஒரு காரணம்.

ஆக, இதுவரை பார்த்தது: நாலு வரி என்பது கஞ்சத்தனம் இல்லை, கட்டத்தின் அளவு. வானிலை என்பது இட்டு நிரப்பல் இல்லை, தொழில் தகவல்.

## இரண்டு வரிகளுக்கு நடுவில் நூல் கட்டுவது

அடுத்த படி. ஒரு நாளின் வரியைத் தனியாகப் படித்தால் ஒன்றும் கிடைக்காது. தொலைவில் இருக்கும் இன்னொரு வரியோடு அதைச் சேர்க்க வேண்டும்.

டிசம்பர் 1: “சிவப்புப் பன்றி சினைக்கு விட்டது.” படிக்கிறவர் தாண்டிப் போய்விடுவார். பன்றியின் சினைக்காலம் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று பண்ணைக்காரர்கள் வாய்ப்பாடாகச் சொல்வார்கள். டிசம்பர் 1-இலிருந்து எண்ணினால் மார்ச் 25. அந்தப் பக்கத்தைத் திருப்புங்கள்: “ராத்திரி முழுக்கக் கொட்டிலில். 11 குட்டி, 2 போயிற்று.” இப்போது டிசம்பர் வரிக்கு அர்த்தம் வந்துவிட்டது. அந்த மனிதர் 114 நாளாக அந்தத் தேதியை மனதில் வைத்திருந்தார். குளிரில் விடிய விடிய விளக்கோடு உட்கார்ந்திருந்தார். ஒன்பது குட்டி பிழைத்ததா ஐந்து பிழைத்ததா என்பதில் அந்த வருடக் கடன் தவணை இருந்தது.

இன்னொரு நூல், மனிதர்களுக்கு நடுவில் ஓடுவது. “பக்கத்துப் பண்ணையில் கதிரடிக்கப் போனேன்” என்று ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் வரிசையாக எட்டுப் பத்து நாள் வரும். இதைப் படித்துவிட்டுத்தான் “எவ்வளவு ஒற்றுமை!” என்று உருகுகிறார்கள். அன்பு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் ஓர் ஏற்பாடு இருந்தது.

நம் ஊர் மொய் நோட்டைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். யார் வீட்டுக் கல்யாணத்தில் நாம் எவ்வளவு எழுதினோம், நம் வீட்டில் அவர்கள் எவ்வளவு எழுதினார்கள் என்பது அந்த நோட்டில் இருக்கும். அது பாசமா கணக்கா என்று கேட்டால், இரண்டும்தான். மிட்வெஸ்டில் கதிரடிப்பு வட்டம் என்று ஒன்று இருந்தது. விலை கூடிய ஒரு கதிரடிக்கும் இயந்திரத்தைப் பத்துப் பன்னிரண்டு பண்ணைகள் முறை வைத்துப் பயன்படுத்தும் கூட்டு அது. எல்லாரும் எல்லார் வயலிலும் வேலை செய்வார்கள். பருவம் முடிந்ததும் உட்கார்ந்து, யார் எத்தனை மணிநேரம் கூடக் கொடுத்தார்கள் என்று கணக்கு நேர் செய்வார்கள். டைரியின் அந்த வரி நட்பின் பதிவு, கூடவே கைமாற்றுக் கணக்கின் பதிவும்.

1950 வாக்கில் அறுவடை இயந்திரம் வந்து, அறுப்பதும் அடிப்பதும் ஒரே வண்டியில் ஒரே ஆளால் முடிந்தது. வட்டம் கலைந்தது. டைரியில் இதை யாரும் அறிவிக்கவில்லை. 1946-இல் எட்டு நாள் வந்த வரி, 1949-இல் மூன்று நாளாகி, 1952-இல் “ஓட்ஸ் அறுத்தேன், 2 நாள்” என்று சுருங்கிவிடும். பன்னிரண்டு குடும்பம் வருடம் ஒருமுறை ஒன்றாகச் சாப்பிட்ட பழக்கம் அங்கே நின்றுபோனது. எனக்கு இந்த டைரிகளில் மிகவும் கனமாகப் படுவது இப்படிப்பட்ட மௌனமான முடிவுகள்தான்.

இந்த வாசிப்பு முறை புதிதல்ல. மெய்ன் மாநிலத்தில் மார்த்தா பல்லார்ட் என்ற மருத்துவச்சி 1785 முதல் 1812 வரை இதேபோல வறண்ட வரிகளில் டைரி எழுதினார். அற்பமான குறிப்புகள் என்று அதை நீண்ட காலம் ஒதுக்கியிருந்தார்கள். லாரல் தாட்சர் அல்ரிச் என்ற வரலாற்றாசிரியர் வரியோடு வரியைச் சேர்த்து எண்ணினார். 816 பிரசவங்கள், கூலி, ஊரின் சண்டை சச்சரவு எல்லாம் வெளிவந்தன. அந்த ஆய்வுக்கு 1991-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

## சொல் ஒன்று, பொருள் வேறு

மேலே முதல் உதாரணத்தில் “டின்னருக்குப் பிறகு டவுனுக்குப் போய்” என்று எழுதியிருந்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, அந்தக் குளிரில், முட்டையைத் தூக்கிக்கொண்டு யார் போவார்கள் என்று தோன்றியிருக்கும். அந்தக் கால மிட்வெஸ்ட் பண்ணையில் டின்னர் என்றால் மதியச் சாப்பாடு. நாளின் பெரிய சாப்பாடு அதுதான். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பெயர் சப்பர். லன்ச் என்றால் நடுவில் வயலுக்குக் கொண்டுபோகும் சிற்றுண்டி, அல்லது விருந்தாளி கிளம்புமுன் கொடுக்கும் காபியும் கேக்கும். இது தெரியாமல் ஒரு நாளின் நேர வரிசையையே தலைகீழாகப் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

“பூஜ்யத்துக்குக் கீழே 8” என்பது பாரன்ஹீட் கணக்கு. நம் செல்சியஸில் மைனஸ் 22. அந்தக் குளிரில்தான் எரு அள்ளியிருக்கிறார். “சோர்ஸ்” என்று தினமும் இரண்டு முறை வரும் சொல், வீட்டு வேலை என்று அகராதியில் இருக்கும். பண்ணையில் அது மாடு கறப்பது, தீனி போடுவது, தண்ணீர் காட்டுவது. காய்ச்சலாக இருந்தாலும் கிறிஸ்துமஸாக இருந்தாலும் நிற்காத வேலை.

அப்புறம் “அம்மா”. டைரியில் “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை” என்று வந்தால், எழுதியவரின் தாய் என்று எடுத்துக்கொள்ள அவசரப்படக் கூடாது. பிள்ளைகள் பிறந்த பிறகு மனைவியை “மதர்”, “மாம்” என்று பிள்ளைகள் கூப்பிடுவதுபோலவே கூப்பிடும் வழக்கம் அங்கே பல வீடுகளில் இருந்தது. மனைவியின் பெயரைச் சொல்லாமல் “இவளே”, “குழந்தையோட அம்மா” என்று கூப்பிட்ட தாத்தாக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாக இருக்காது.

## பிரசவ நாளில் ஓட்ஸ் விதைத்தவர்

“மனசே இல்லாத அப்பா” என்பதற்குச் சான்றாகக் காட்டப்படும் வரி பெரும்பாலும் இந்த வகை:

“ஏப்ரல் 9. காலை 3.40-க்குப் பெண் குழந்தை. 7 பவுண்டு 4 அவுன்ஸ். அம்மா நலம். டின்னருக்குப் பிறகு ஓட்ஸ் விதைத்தேன்.”

படித்ததும் கோபம் வருவது இயல்பு. மகள் பிறந்த நாளில் ஓட்ஸா?

கொஞ்சம் நின்று பாருங்கள். முதலில், அன்றைய ஆஸ்பத்திரியில் தந்தையைப் பிரசவ அறைக்குள் விட மாட்டார்கள். பார்வை நேரம் போக மற்ற நேரம் அங்கே அவருக்கு இடம் இல்லை. அடுத்து, ஓட்ஸ் ஏப்ரலில் நிலம் காய்ந்த உடனே விதைக்க வேண்டிய பயிர், அது யாருக்காகவும் காத்திருக்காது. மூன்றாவதுதான் முக்கியம்: அந்த டைரியின் மற்ற பக்கங்களைப் பாருங்கள். “காலையில்”, “டின்னருக்குப் பிறகு”, “ராத்திரி” என்றுதான் அவர் நேரம் எழுதுவார். மணி எழுதும் பழக்கமே கிடையாது. இந்த ஒரு நாள் மட்டும் 3.40 என்று நிமிடம் வரை எழுதுகிறார். எடையை அவுன்ஸ் வரை எழுதுகிறார்.

அடுத்த எட்டு நாள் பக்கங்களில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும்: “டவுனுக்கு, 44 மைல்.” வாரம் ஒருமுறை சனிக்கிழமை மட்டும் டவுனுக்குப் போகிறவர் அவர். அந்தக் காலத்தில் பிரசவமான பெண்ணை ஒரு வாரம் பத்து நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருப்பார்கள். விதைப்பு நாளில், மாடு கறந்து முடித்து, தினமும் 44 மைல் போய் வந்திருக்கிறார். பாசம் என்ற சொல் அந்தப் பக்கத்தில் இல்லை. பெட்ரோல் கணக்கில் இருக்கிறது.

வாசிக்கும் முறையின் நடு நரம்பு இதுதான். முதலில் பல மாதங்களைப் படித்து இந்த மனிதரின் வழக்கம் என்ன என்று பிடிக்க வேண்டும். பிறகு வழக்கம் எங்கே உடைகிறது என்று தேட வேண்டும். திடீரென மணி எழுதுவது, காலிக் கட்டம், வேறு கையெழுத்து, பென்சிலுக்குப் பதில் பேனா, எப்போதும் இல்லாத ஒரு பெயர். டைரியின் “சுவாரசியமான பகுதிகள்” என்று பத்து வரியைப் பொறுக்கிப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லாததும் இதனால்தான். மீதி 355 நாளை எடுத்துவிட்டால், அந்தப் பத்து வரி ஏன் கனமானவை என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

## எழுதாமல் விட்ட பாதி

“முட்டை 11 டஜன் கொடுத்தேன்” என்று அவர் எழுதுகிறார். கோழி வளர்த்தது யார்? பெரும்பாலான பண்ணைகளில் கோழி மனைவியின் பொறுப்பு. குஞ்சு வாங்கி, அடைக்குச் சூடு வைத்து, தினமும் முட்டை பொறுக்கித் துடைத்து அடுக்கியது அவர். டைரியில் பதிவானது அந்த வேலையின் கடைசி அரைமணி நேரம் மட்டும். முட்டையும் பாலாடையும் விற்ற காசில்தான் வாராந்திர மளிகை, பிள்ளைகளுக்குச் செருப்பு எல்லாம் வந்தன. பலர் கடைக்குப் போவதையே “டிரேடு பண்ணப் போனோம்” என்று எழுதினார்கள். முட்டையைக் கொடுத்துச் சர்க்கரையும் காபியும் எடுத்துக்கொண்ட பழைய பண்டமாற்றின் மிச்சம் அந்தச் சொல்.

“அம்மா பீச் 40 ஜாடி போட்டார்” என்று ஆகஸ்டில் ஒரு வரி. நாற்பது கண்ணாடி ஜாடிப் பழம் என்றால் தோலுரித்து, நறுக்கி, சர்க்கரைப் பாகில் போட்டு, கொதிநீரில் ஜாடியோடு அவித்து மூட வேண்டும். ஆகஸ்ட் வெயிலில் அடுப்பங்கரையில் முழு நாள் வேலை. போர்க்காலத்தில் சர்க்கரைக்கு ரேஷன் இருந்தது. 1942 மே மாதம் தொடங்கி, போர் முடிந்தும் 1947 ஜூன் வரை நீடித்தது. அந்த வருடங்களில் நாற்பது ஜாடி போட, சர்க்கரைக் கூப்பனை எத்தனை நாள் பிடித்துப் பிடித்துச் சேர்த்திருப்பார் என்பது டைரியில் வராது. அது அவருடைய கணக்கு, கணவருடையது அல்ல.

ஆகவே அப்பாவின் டைரி குடும்பத்தின் டைரி ஆகாது. குடும்பம் ஒருவருடைய ஜன்னல் வழியே தெரியும் காட்சி, அவ்வளவுதான்.

இன்னும் பெரிய இடைவெளியும் உண்டு. ஒரு பெட்டி டைரி பரணில் அறுபது வருடம் பத்திரமாக இருக்க வேண்டுமென்றால், அந்தக் குடும்பம் ஒரே வீட்டில் வேரூன்றி இருந்திருக்க வேண்டும். குத்தகைப் பண்ணைக்காரர்கள் மார்ச் 1-ஆம் தேதி மூட்டை கட்டி அடுத்த பண்ணைக்குப் போவார்கள், அந்த வட்டாரத்தில் இடம்பெயரும் வழக்கமான நாள் அது. மிச்சிகனிலும் மினசோட்டாவிலும் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயல்களில் பருவ வேலைக்கு டெக்சஸிலிருந்து வந்த மெக்சிகன் அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பரணே கிடையாது. இதே வருடங்களில் தெற்கிலிருந்து சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் லட்சக்கணக்கில் வந்த கறுப்பின மக்களுக்கு நல்ல வட்டாரங்களில் வீடும் வீட்டுக்கடனும் மறுக்கப்பட்டன. பரணில் கிடைத்த டைரியை வைத்து “1950-களில் மிட்வெஸ்ட் இப்படி நிம்மதியாக இருந்தது” என்று சொன்னால் இவர்களைக் கணக்கிலிருந்து அழித்துவிடுகிறோம். ஒரு டைரி ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லும். அதுவே பெரிய விஷயம், அதற்கு மேல் அதன் தோளில் ஏற்றக் கூடாது.

## வெளியிலிருந்து ஒரு சாட்சி

டைரி சொல்வதை வேறு பதிவோடு ஒப்பிடுவது கடைசிப் படி. சுருக்கமாகச் சொல்கிறேன்.

வானிலையில் தொடங்குவது எளிது. 1940 நவம்பர் 11 ஒரு நல்ல உதாரணம். மினசோட்டா, ஐயோவா, விஸ்கான்சின் பக்கம் காலையில் இதமான வெயில், பலர் மேல்கோட்டு இல்லாமல் வாத்து வேட்டைக்குப் போனார்கள். மதியத்துக்கு மேல் வெப்பம் மடமடவென இறங்கிப் பனிப்புயல் அடித்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் பலர் ஆற்றோரம் மாட்டிக்கொண்ட வேட்டைக்காரர்கள். இது தெரிந்தால், “கயிறு கட்டிக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன்” என்ற வரி மிகைப்படுத்தல் இல்லை என்று புரியும். கண்ணை மறைக்கும் பனிப்புயலில் முப்பது அடி தூரத்துக் கொட்டிலுக்கு வழி தெரியாமல் செத்தவர்கள் உண்டு.

விலைவாசியை அப்படியே நம் ரூபாய்க்கு மாற்றிப் பார்ப்பது வீண். உழைப்பு நேரத்தோடு ஒப்பிடுங்கள். 1950-இல் ஒரு காலன் பெட்ரோல் சுமார் 27 சென்ட். அடடா, கொள்ளை மலிவு என்று தோன்றும். அன்றைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 75 சென்ட். ஒரு மணிநேர உழைப்புக்கு மூன்று காலன்கூட வராது. இன்றைய கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். காலன் 3 டாலர் என்று வைத்தாலும் 2.4 காலன் வரும். பெரிய வித்தியாசம் இல்லை. பண்ணைக் கூலியாட்களுக்கு அந்தக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அன்று பொருந்தவும் இல்லை.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அமெரிக்காவில் கணக்கெடுப்புத் தாள்களை 72 வருடம் கழித்து அப்படியே பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். 1950-இன் தாள்கள் 2022 ஏப்ரல் 1-இல் திறக்கப்பட்டன, இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். டைரியில் “நாங்கள் இரண்டு பேரும் வேலி கட்டினோம்” என்று வரும் அந்த இன்னொருவர் யார் என்று குழம்பினால், கணக்கெடுப்புத் தாளில் அதே வீட்டின் கடைசி வரியில் பத்தொன்பது வயதுக் கூலியாள் ஒருவர் இருப்பதைக் காணலாம். நாலு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர், டைரியில் பெயரில்லாமல் இருந்தவர்.

## ஒரு பக்கத்தை முழுசாகப் படிப்போம்

மேற்கு ஐயோவாவில், மிசௌரி ஆற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பண்ணை என்று வைத்துக்கொள்வோம். 1951-இல் தொடங்கிய ஐந்தாண்டு டைரி. ஏப்ரல் 12.

1951, வியாழன்: “41. நிலம் ஈரம், ஓட்ஸ் போட முடியவில்லை. தீவனக் கடையில் எல்லாரும் மெக்ஆர்தர் பேச்சுதான்.” 41 என்பது அன்றைய வெப்பம், பாரன்ஹீட்டில். அதிபர் ட்ரூமன் தளபதி மெக்ஆர்தரைப் பதவியிலிருந்து நீக்கிய செய்தி முந்தின நாள்தான் வந்திருந்தது. கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. இந்த அப்பாவுக்கு ராணுவ வயதில் தம்பியோ மச்சானோ இருந்தாரா என்று மற்ற பக்கங்களில் தேட வேண்டும்.

1952, சனி: “ஆறு ஏறுகிறது. மணல் மூட்டை அடுக்கப் போனேன். நாளை ஈஸ்டர்.” அந்த ஏப்ரலில் மிசௌரி ஆற்றில் பெருவெள்ளம். நிலத்தைப் பற்றியோ ஓட்ஸ் பற்றியோ ஒரு சொல் இல்லை. விவசாயி ஏப்ரலில் விதைப்பை மறந்த நாள்.

1953, ஞாயிறு: “சர்ச். டின்னருக்கு 9 பேர். வெயில்.” ஒன்பது பேருக்குச் சமைத்தவர் பெயர் வழக்கம்போல இல்லை.

1954, திங்கள்: “காற்று. அம்மா துணி துவைத்தார். டிவி ஆண்டெனாவைச் சரி செய்தேன்.” புதிய டிவி நிலையங்களுக்கு இருந்த தடை 1952-இல் நீங்கிய பிறகு சின்ன ஊர்களுக்கும் டிவி வந்த காலம். இந்தக் குளிர்காலத்திலிருந்து “விருந்தாளிகள்” என்ற சொல் குறைகிறதா என்று எண்ணிப் பார்க்கலாம்.

1955, செவ்வாய். இதைப் படிக்குமுன் 1952 ஆகஸ்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். அங்கே இப்படி இருக்கிறது: “பிள்ளைகளைக் கண்காட்சிக்குக் கூட்டிப்போகவில்லை. டவுனில் போலியோ.” அமெரிக்காவில் போலியோ மிக மோசமாக அடித்த வருடம் 1952. சுமார் 58,000 பேருக்கு வந்தது. ஐயோவாவின் சூ சிட்டி கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஊர்களில் ஒன்று. அந்தக் கோடை முழுக்க அந்த வீட்டுப் பிள்ளைகள் நீச்சலுக்குப் போகவில்லை, சினிமாவுக்குப் போகவில்லை. டைரியில் இருப்பது அந்த இரண்டு வாக்கியம் மட்டும்.

1955 ஏப்ரல் 12 காலை, மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில், ஜோனஸ் சால்க் உருவாக்கிய தடுப்பூசி பலிக்கிறது என்று அறிவித்தார்கள். நாடெங்கும் சர்ச் மணிகள் அடித்தன. மே மாதத்தில், ஒரு பகுதித் தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இருந்ததால் ஊசி போடுவது சில நாள் நிறுத்தப்பட்டது. மே பக்கத்தில் “ஊசி தள்ளிவைத்துவிட்டார்கள்” என்று வருவது அதனால். ஆனால் ஏப்ரல் 12 அன்று அதெல்லாம் அவருக்குத் தெரியாது. கடைசிக் கட்டத்தில் எழுதுகிறார்:

“58. ஓட்ஸ் முடிந்தது. போலியோ ஊசி பலிக்கிறதாம், ரேடியோவில் சொன்னார்கள். அம்மாவும் நானும் 12 மணி வரை முழித்திருந்தோம்.”

ஐந்து மணிக்கு மாடு கறக்க எழ வேண்டிய மனிதர். ஒன்பது மணிக்குப் படுத்துவிடுகிறவர். மணி எழுதும் பழக்கம் இல்லாதவர்.

அடுத்த பக்கம், ஏப்ரல் 13: “54. வேலி கட்டினேன்.”